அரை பர்சென்ட் புரோக்கர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அனுபவத்தில் கற்ற பாடம் ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். என் பாடங்களில் பாதி இந்த மேடையில் சொல்லத்தக்கவை அல்ல. மீதியில் ஒன்று வீடு வாங்கிய கதை. போன மாதம் மட்டும் மூன்று நண்பர்கள் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "டேய், புரோக்கர் அரை பர்சென்ட்டுக்கே வர்றேங்கறார், பேசி முடிச்சிடலாமா?" அதனால் இதையே பேசிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு வீட்டை வாங்கினால் இன்றைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் "கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்று கேட்க முடியுமா? முடியாது. புரோக்கரிடம் கேட்கலாம். அதனால் கேட்கிறோம். ஒன்று, இரண்டு சதவீதம் என்பதெல்லாம் அந்தந்த ஊர் வழக்கம்தானே தவிர, சட்டம் இல்லை.

2012-ல் தாம்பரம் பக்கம் ஒரு பழைய வீடு. விலை 40 லட்சம். ஒரு சதவீதம் கேட்ட புரோக்கரை விட்டுவிட்டு, அரை சதவீதக்காரரைப் பிடித்தேன். 20,000 ரூபாய் மிச்சம். வீட்டில் எனக்கு அன்று தனி மரியாதை! ஒரே வாரத்தில் அக்ரிமெண்ட். 4 லட்சம் அட்வான்ஸ். கமிஷனில் பாதியை அன்றே வாங்கிக்கொண்டார். "13 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன் சார், க்ளீன்" என்றார். பொய் சொல்லவில்லை. சான்றிதழ் உண்மையிலேயே சுத்தமாகத்தான் இருந்தது.

வங்கிக் கடனுக்குப் போனபோது அவர்களுடைய வக்கீல் 30 வருட வில்லங்கம் கேட்டார். அதில் 1996-ல் பதிவான ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தது. அண்ணன், தம்பி இருவரும் அப்பா வீட்டைப் பிரித்துக்கொண்டு, அண்ணன் தன் பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். வக்கீல் அடுத்து வாரிசுச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார். அதில் மூன்று பேர். மூன்றாவது பெயர், திருச்சியில் கட்டிக்கொடுத்த மகள். சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டிய தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம். அந்த அம்மா எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. போடாத கையெழுத்து எந்த வில்லங்கச் சான்றிதழிலும் வராது. வில்லங்கம் என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான்.

நானும் என் மனைவியும் திருச்சிக்குப் போனோம். காபி கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா கட்டுன வீடு சார். கட்டடத்துக்குத் தண்ணி ஊத்துனதே நான்தான். விக்கிறாங்கன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது" என்றார்கள். எனக்குக் காபி இறங்கவில்லை. கடன் வாங்காமல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கியிருந்தால், அந்த அம்மாவின் பங்கில்தான் நான் குடித்தனம் நடத்தியிருப்பேன்.

தம்பிக்காரர் பங்கு தர மறுத்துவிட்டார். கிரயம் நின்றது. அட்வான்ஸ் மூன்று தவணையாக, 11 மாதத்தில், வட்டியில்லாமல் திரும்பியது. நான் மிச்சம் பிடித்த இருபதாயிரத்தை அந்த வட்டியே சாப்பிட்டுவிட்டது. புரோக்கரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "சார், அரை பர்சென்ட்டுக்கு இவ்வளவுதான் சார் அலைய முடியும்."

யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னது நியாயம்தான். பாதிக் கமிஷன் வாங்குபவர் அதே வருமானத்துக்கு இரண்டு மடங்கு வீடு முடிக்க வேண்டும். அப்போது தாய்ப்பத்திரம் தேடுவது, வாரிசு விசாரிப்பது, பட்டா யார் பெயரில் என்று பார்ப்பது எல்லாம் கழிந்துபோகும். விலை பேசுவதும் அப்படித்தான். எனக்காக விலையில் 2 லட்சம் குறைத்தால், அவருக்குக் கமிஷனில் 1,000 ரூபாய் நஷ்டம், ஒரு வாரம் அலைச்சல் வேறு. "இதுக்கு மேல குறையாது சார், வேற பார்ட்டி நிக்குது" என்பது ஏன் என்று புரிகிறதா? முழுக் கமிஷன்காரருக்கும் 2,000 ரூபாய் நஷ்டம்தான். அவரும் நம் பக்கத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பிறகு ஒரு சதவீதம் கொடுத்து இன்னொரு வீடு வாங்கினேன். அந்த மனிதர் 30 வருட வில்லங்கத்தோடு வந்தார், மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதையும் அவரே சொன்னார். ஆனால் விற்றவரிடமும் கமிஷன் வாங்கியிருந்தார் என்பது பத்திரப்பதிவு அன்றுதான் தெரிந்தது!

மாணவர்களுக்கு ஒன்று. நாளை நீங்கள் புது அடுக்குமாடிக் குடியிருப்பில் "புரோக்கரேஜ் கிடையாது" என்ற விளம்பரம் பார்ப்பீர்கள். ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் கட்டுநர் கொடுப்பார், அது விலையிலேயே உட்கார்ந்திருக்கும். கட்டுநர் விற்கும் அத்தகைய பதிவு பெற்ற திட்டங்களுக்கு 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள். தனி ஒருவர் விற்கும் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வாரிசுகளை விசாரிக்க மட்டும் நடந்துதான் போக வேண்டும்.

போன் செய்த மூவரில் ஒருவனுக்கு வீடு அடுத்த தெரு, விற்பவர் குடும்பமே பழக்கம், வக்கீலும் தம்பி. அவனுக்கு அரை சதவீதமே அதிகம், முடிச்சிடு என்றேன். இரண்டாமவன் வாடகைக்குத்தான் பார்க்கிறான். மூன்றாமவனிடம், "விக்கிறவருக்கு அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா, கேட்டியா?" என்றேன். இன்னும் பதில் இல்லை. இதோ, மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.