விதி வேறு, கதி வேறு

(மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியது. செகரட்டரி கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

போன கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நம்மில் ஒருவர் சொன்னார்: "ஃபிளாட்டை வித்துட்டு மகனோட போய் இருக்கறதா, இங்கேயே தனியா இருக்கறதா, ஒண்ணும் புரியலை சார். விதி எப்படியோ அப்படி நடக்கட்டும்." வீட்டுக்குப் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் நானும் பல வருஷம் அதையே சொன்னவன். நான் படித்தது பி.காம்., தத்துவம் இல்லை. 38 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தேன். அதனால் கணக்கு வழியாகத்தான் எனக்குச் சொல்ல வரும்.

தமிழில் விதி, கதி என்று இரண்டு சொல் உண்டு. நாம் இரண்டையும் புலம்புவதற்கே வைத்திருக்கிறோம். விதி என்றால் விதிக்கப்பட்டது; நம்மைக் கேட்காமல் வந்து சேர்ந்தது. கதி என்றால் போவது, போய்ச் சேருகிற இடம். போவது நம் காலால்தானே? திருக்குறளில் 38-ஆவது அதிகாரம் ஊழ். ஆனால் வள்ளுவர் அதோடு விட்டுவிடவில்லை. 62-ஆவதாக ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

என் கதைக்கு வருகிறேன். 1991-இல் ஆபீசர் பரீட்சை எழுதித் தேறினேன். ஒரிசாவில் ஒரு கிளைக்குப் போடுவார்கள் என்று பேச்சு. அந்த வருஷம்தான் மன்னார்குடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் இரண்டும் போயிற்று, பேச்சும் போயிற்று. ப்ரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரில் எல்லோரும் நல்ல பிள்ளை என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஐந்து வருஷம் கழித்து, எனக்கு ஜூனியராக இருந்த ஒரு பையன் மேனேஜராகி, ஸ்வீட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தான். அவன் போனதும் மனைவியிடம், "எல்லாம் என் தலையெழுத்து. அப்பா மட்டும் விழாம இருந்திருந்தா..." என்றேன். அடுத்த அறையில் அப்பா இருந்தார். பேச்சுதான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்கும். அன்று ராத்திரி கஞ்சி டம்ளரை இடது கையால் தள்ளிவிட்டார். அப்படித் தள்ளியது அதுதான் முதல் தடவை. பசியில்லை போலிருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

2000-ஆம் வருஷக் கடைசியில் பொதுத்துறை வங்கிகளில் வி.ஆர்.எஸ். வந்தது. 15 வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் மனுப் போடலாம். வருஷத்துக்கு 60 நாள் சம்பளம், அல்லது மீதி சர்வீஸுக்கான சம்பளம், இதில் எது குறைவோ அது. எனக்கு 21 வருஷம், ஆக 42 மாதச் சம்பளம். மொத்தத்தில் ஒரு லட்சம் பேர் அளவில் வெளியே போனார்கள். எங்கள் கிளையில் மதியச் சாப்பாட்டில் வேறு பேச்சே கிடையாது. "நம்ம விதி என்னவோ" என்றபடியே ஆளுக்கு ஆள் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தோம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் என் கையில் இல்லாதவை: அப்பாவின் உடம்பு, டெபாசிட் வட்டி எப்படிப் போகும் என்பது, வங்கியில் கம்ப்யூட்டர் வருவது. வலது பக்கம் நான் செய்யக்கூடியவை: கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வது, திருச்சியில் இருந்த அண்ணனிடம் உதவி கேட்பது, செலவைக் குறைப்பது. 'அண்ணன்' என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. 1991-இலேயே அண்ணன், "அப்பாவை நான் வெச்சுக்கறேன்டா" என்று சொல்லியிருந்தார். என் மனைவியும், "நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். இரண்டு பேர் சொன்னதையும் நான் காதில் வாங்கவில்லை. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். இந்தி தெரியாது. கடன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிற பொறுப்பு வேண்டாம். அப்பா விழுந்தது விதி. எழுதிக் கொடுத்தது நான். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டி, மொத்தத்தை அப்பா கணக்கில் எழுதியிருக்கிறேன்.

அன்றே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களால இல்லைப்பா, எனக்குப் பயம், அதான் போகலை" என்று சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ. என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. அடுத்த வருஷம் போய்விட்டார்.

நான் வி.ஆர்.எஸ். வாங்கவில்லை. எங்கள் ஹெட் கேஷியர் வாங்கினார். அப்போது டெபாசிட் வட்டி 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதை நம்பித்தான் கணக்குப் போட்டார். மூன்று நான்கு வருஷத்தில் அது 6-க்கும் கீழே போயிற்று. வட்டி இறங்கியது அவர் விதி, வேறென்ன சொல்ல? ஆனால் மனிதர் உட்கார்ந்துவிடவில்லை. கடைக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுத ஆரம்பித்து, 70 வயது வரை அதைச் செய்தார். அவர் போனதும் சரி, நான் இருந்ததும் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தாளில் கோடு போட்டுவிட்டால் நல்ல பதில் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிறகு யாரைக் குறை சொல்வது என்று தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஃபிளாட் கேள்வி கேட்ட நண்பருக்கு: மூட்டு வலி, மகனுக்கு எந்த ஊரில் வேலை, இதெல்லாம் இடது பக்கம். மருமகளிடம் வாய் திறந்து ஒரு தடவை கேட்பது வலது பக்கம். ஆறு மாதம் போய் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் விற்பதும் வலது பக்கம்தான். விற்ற வீட்டைத் திரும்ப வாங்குவது கஷ்டம், சார்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். புனேயிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். கோடு போட்ட தாள் இரண்டு வாரமாக ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. என் மனைவி வலது பக்கம் நாலு வரி எழுதிவிட்டாள். நான் இன்னும் பேனாவை எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் எழுதிவிடுவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.