படகுத்துறைக் கணினிக்கு எந்தப் பதிப்பு?

மலேசியாவின் மெர்சிங்கிலிருந்து தியோமான் தீவுக்குப் போகும் பெர்ரிகள், ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்தே புறப்படும். அந்த நேரத்தில் டிக்கெட் முகப்பில் கூட்டம் நெரியும். அப்போது பார்த்து முகப்புக் கணினி "புதுப்பிக்கிறேன், காத்திருங்கள்" என்று சுற்றிக்கொண்டிருந்தால் முதலாளி என்ன சொல்வார் என்பதை வானொலியில் சொல்ல முடியாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் இயங்குதளம் ஒரு வழி. அங்கே போனதும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: நிலையான பதிப்பா, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பா?

1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு இந்தப் பிரிவினையை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. புதிய மென்பொருள் முதலில் 'அன்ஸ்டேபிள்' கிளைக்கு வரும். சில நாள் பெரிய வழு எதுவும் தென்படாவிட்டால் 'டெஸ்டிங்' கிளைக்கு நகரும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை உறைய வைத்து, பழுது நீக்கி, 'ஸ்டேபிள்' என்று வெளியிடுவார்கள். பதிப்புகளுக்கெல்லாம் 'டாய் ஸ்டோரி' படப் பாத்திரங்களின் பெயர்கள். அன்ஸ்டேபிளுக்கு மட்டும் எப்போதும் ஒரே பெயர், சிட். படத்தில் பொம்மைகளை உடைத்து வதைக்கும் அடுத்த வீட்டுப் பையன் அவன். இதைவிட நேர்மையான எச்சரிக்கைப் பலகை கிடைக்காது.

சிட் எவ்வளவு ஆபத்து, எவ்வளவு அவசியம் என்பதை 2024 மார்ச் மாதம் ஒரே சம்பவம் காட்டிவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சிட் ஓடும் கணினியில் ஒரு தரவுத்தள மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று அவருக்கு உறுத்தியது. யாராக இருந்தாலும் விட்டுவிடுகிற அரை நொடி, அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்தால், கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டு வாசல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள். இரண்டாண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு புனைபெயர்க்காரரின் கைவரிசை அது. மார்ச் 29-இல் செய்தி வெளியானபோது அந்த நச்சு சிட்டிலும் டெஸ்டிங்கிலும் நுழைந்திருந்தது. ஸ்டேபிளில் இருந்ததோ பழைய 5.4.1. அங்கே ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டேபிள்காரர்கள் தப்பித்தது சிட்டில் ஒருவர் விழித்திருந்ததால்தான்.

அதற்காக, வெளியிட்ட பதிப்பெல்லாம் பத்திரம் என்று இருந்துவிடவும் முடியாது. 2018 அக்டோபரில் மைக்ரோசாப்ட் எல்லோருக்குமாக வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய ஆவணங்களையே அழித்தது. சில நாளில் அதை நிறுத்தி, நவம்பரில்தான் மீண்டும் விட்டார்கள். முன்கூட்டியே சோதித்தவர்களில் சிலர் இந்த வழுவைத் தெரிவித்திருந்தும் கவனிப்பாரில்லை.

முகப்புக் கணினிக்கு ஸ்டேபிள்தான் சரி; உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் தொகுப்பை விரும்பினால் ஐந்தாண்டு ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பு. ஸ்டேபிளுக்கும் சிட்டுக்கும் நடுவே டெஸ்டிங்கைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அதில் ஒரு பொறி உண்டு: பாதுகாப்புத் திருத்தம் சில வேளை அங்கேதான் கடைசியாக வந்து சேரும். ஒரு ஸ்டேபிளிலிருந்து அடுத்த ஸ்டேபிளுக்குத் தாவவும் நாள் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பெரும்பாலான படகுகள் ஓய்ந்திருக்குமே, அதுதான் தோது. கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்து வைத்த பிறகு தொடங்கலாம்.

வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினியும் கொஞ்சம் துணிச்சலும் உள்ள மாணவருக்குச் சிட் நல்ல பள்ளிக்கூடம். அது உடைந்தால் யாருடைய பெர்ரியும் தவறப்போவதில்லை. கண்ட வழுவை டெபியனுக்குத் தெரிவிக்கப் பட்டம் வேண்டாம், காசும் வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். எந்த மென்பொருள், எத்தனையாவது பதிப்பு, என்ன செய்தபோது என்ன ஆயிற்று என்பதை மட்டும் தெளிவாக எழுத வேண்டும்.