எலியேசர் போன வழி



1922இல் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது இந்தத் தஞ்சோங் மாலிம் வளாகம். இங்கே படிக்கும் நம் பிள்ளைகள் பலருடைய தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று பால்மரம் வெட்டப் போனவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால், "எந்த நாட்டுக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறோம். எதை ஆராயப் போகிறாய் என்று கேட்பவர் குறைவு. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன்.

அப்படி ஒரு கேள்வியைத் தொடர்ந்து போனவர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918இல் இலங்கையில் பிறந்தவர். கொழும்பில் கணிதம் படித்து, கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் டிராக்கிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். கதிர்வீசி ஆற்றலை இழக்கும் எலக்ட்ரான் அணுக்கருவில் போய் விழ வேண்டும் என்பது பழைய இயற்பியலின் கணிப்பு. கதிர்வீச்சின் எதிர்விசையையும் சேர்த்து 1938இல் டிராக் ஒரு சமன்பாடு தந்திருந்தார். எலியேசர் அதை ஹைட்ரஜன் அணுவில் பொருத்திப் பார்த்தார். கருவை நோக்கி நேர்கோட்டில் பாயும் எலக்ட்ரான் கருவைத் தொடவே இல்லை. வழியிலேயே நின்று, திரும்பி, வேகம் கூடிக்கொண்டே வெளியே ஓடியது. ஈர்க்கும் விசை இருக்கும்போது விலகி ஓடுவதா! ஆசிரியரின் சமன்பாட்டிலேயே சிக்கல் இருப்பதை மாணவர் காட்டிவிட்டார். போர்க்காலத்தில், 1943இல், அந்தக் கட்டுரை வெளிவந்தது.

பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கோலாலம்பூர் வளாகம் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. 1968இல் மெல்போர்னின் லா டிரோப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. டிராக்கின் மாணவர் இரண்டு முறை புது வளாகத்துக்குப் போய்க் கணிதம் கற்பித்தார். அவர் எழுதிய கட்டுரைகளுக்குச் சமமாக இதையும் மதிக்கிறேன்.

கேள்விக்காக இடம் மாறிய இன்னொருவரையும் சொல்கிறேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 1976இல் ஒஹாயோவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, உயிரியல் கற்க சான் டியாகோவில் மறுபடி மாணவரானார். 1999இல், சம்பளம் குறையும் என்று தெரிந்தே, யூட்டாவிலிருந்து கேம்பிரிட்ஜ் போனார். செல்லில் புரதம் உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் காண, அவசரப்படுத்தாத ஆய்வகம் அவருக்கு வேண்டியிருந்தது. 2009இல் நோபெல் பரிசு வந்தது.

இந்த வழிக்கு விலையும் உண்டு. இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தங்களில் நாடு மாறும்போது துணையின் வேலையும் பெற்றோரின் முதுமையும் குறுக்கே நிற்கும். ஆசிரியர்களே, மாணவர்களிடம் இதை மறைக்காதீர்கள்.

இந்த மாநாட்டில் கட்டுரை வாசிக்க வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வில் இன்னும் விடை கிடைக்காத ஒரு கேள்வியை இங்கே ஒரு மாணவரிடம் ஒப்படையுங்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பியபின் அந்த மாணவர் எழுதும் கடிதத்துக்குப் பதில் போடுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.