தேடினால் கிடைக்க வேண்டும்

தோட்டத்து ஆபீசில் கிராணியார் வைத்திருந்த செக்ரோல் புத்தகத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆள் பெயருக்கு நேரே அவர் வேலைக்கு வந்த நாள் எல்லாம் அதில் குறித்திருக்கும். பெயரைச் சொன்னால் கிராணியார் ஒரு நிமிடத்தில் கணக்குச் சொல்லிவிடுவார். ஆனால், “போன மாதம் பத்தாம் தேதி வேலைக்கு வந்தவர்கள் யார் யார்?” என்று கேட்டால் என்ன செய்வார்? பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். விவரம் முழுவதும் புத்தகத்தில் இருக்கிறது. நாம் கேட்கிற முறையில் அது அடுக்கப்படவில்லை.

இன்று நாம் பேசப்போவது கணினியில் தேடுவதைப் பற்றி. கணினி என்றதும் வானொலியை மூடிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை தொடங்கியது முதல், நம் வீட்டுப் பிள்ளைகளும் பஸ் ஏறிப் போய் மின்னணுச் சாமான்கள் செய்திருக்கிறார்கள். நமக்கு அது அவ்வளவு தூரத்துப் பொருள் அல்ல.

எங்கள் பள்ளியில் இருப்பவை பழைய கணினிகள். அவற்றில் லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் ஓடுகிறது. பக்கத்து வீட்டு அக்காள் குழம்புப் பொடியின் அளவை ஒளிக்காமல் சொல்லித் தருகிறாள் அல்லவா? அதுபோல, செய்முறையை எல்லாரும் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் விடுகிற மென்பொருள் இது. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் இந்த முயற்சியை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்சின் உட்பகுதியை எழுதி வெளியிட்டார். பழுது வந்தால் கம்பெனிக்காரன் வரமாட்டான். முன்னே அதே பழுதைப் பார்த்த யாரோ ஒருவர் எழுதி வைத்த குறிப்புத்தான் நமக்குக் கைகொடுக்கும். ஆகவே, அந்தக் குறிப்பு கண்ணில் படாவிட்டால் இல்லாததற்குச் சமம்.

இதை நாங்கள் அனுபவித்தே தெரிந்துகொண்டோம். ஒரு நாள் தேர்வுத்தாளை அச்சடித்தபோது தமிழ் எழுத்துக்கு பதிலாக வெறும் கட்டங்கள் வந்தன. எங்களிடம் படித்து இப்போது நான்காம் படிவத்தில் இருக்கும் ஒரு மாணவி உதவிக்கு வந்தாள். இரண்டு மாலைப் பொழுது உட்கார்ந்து தேடினாள். பிறகு, “டீச்சர், தமிழில் ஒன்றுமே இல்லை. இனிமேல் நான் இங்கிலீசிலேயே தேடிக்கொள்கிறேன்” என்றாள்.

உண்மையில் தமிழில் இருந்தது. தமிழ்நாட்டில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் முன்பே இதைத் தெளிவாக எழுதி வைத்திருந்தார். அவர் எழுதியது ‘அச்சுப்பொறியில் எழுத்துருச் சிக்கல்’. இவள் தட்டியது ‘பிரிண்டர் கட்டம்’. இரண்டும் சந்திக்கவே இல்லை. கட்டத்தை எப்படியோ சரிசெய்துவிட்டோம். அந்தப் பெண் சொன்ன வார்த்தைதான் எங்கள் மனத்தை விட்டுப் போகவில்லை.

தேடும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நாம் கேட்ட பிறகு அது பக்கங்களைப் படிக்கத் தொடங்குவதில்லை. முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று பட்டியல் போட்டு வைக்கிறது. செக்ரோலைத் திருப்பிப் போட்டு, தேதிக்கு நேரே பெயர்களை எழுதி வைத்தது போல.

தமிழில் இந்தப் பட்டியலைப் போடுவது எளிதல்ல. மரம், மரத்தை, மரத்தில், மரங்களுக்கு என்று ஒரே சொல் பல உருவம் எடுக்கிறது. நமக்கு எல்லாம் மரம். இயந்திரத்துக்கு நான்கும் நான்கு சொல். ஆங்கிலச் சொற்களின் வாலை நறுக்கி வேரைக் காணும் விதிகளை மார்ட்டின் போர்ட்டர் 1980-ல் வெளியிட்டார். அவர் பிறகு உருவாக்கிய ஸ்னோபால் என்ற கட்டற்ற தொகுப்பில் தமிழுக்கும் அத்தகைய விதிகளை எழுதிச் சேர்த்தார்கள். போஸ்ட்கிரெஸ் என்னும் கட்டற்ற தகவல் களஞ்சியத்தின் 12-ஆம் பதிப்பில், 2019-ல், தமிழும் இடம் பெற்றது. ஆனாலும் வாலை நறுக்கும் கத்தி சில சமயம் உடம்பிலும் பட்டுவிடும். ‘காலை’ என்பது பொழுதா, காலை நீட்டுகிறோமே அந்தக் காலா? ‘ஐ’யை வெட்டினால் விடியற்காலம் போய் வெறும் கால் நிற்கும்!

எழுத்திலும் ஒரு வம்பு உண்டு. ஔவையாரைத் தேடினால் அகப்படாமல் போவதைப் பார்த்திருக்கிறோம். ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கருவிக்கு வேறு வேறு. பாட்டி பாவம், தன் பெயரின் முதல் எழுத்திலேயே தொலைந்து போகிறார். நல்ல கருவி இதைத் தானே திருத்திக்கொள்ள வேண்டும். முன்னாளில் நிலைமை இன்னும் மோசம். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1985-ல் முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழைய இலக்கியங்களை முதலில் ஒரு குறியீட்டில் ஏற்றிவிட்டு, பின்னர் உலகப் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

எங்கள் மாணவிக்கு நேர்ந்தது மூன்றாவது சிக்கல். கணினி என்பார் ஒருவர், கணனி என்பார் இலங்கையில் ஒருவர், கம்ப்யூட்டர் என்போம் நாம். இவை ஒரே பொருள் என்று கருவிக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பொருளை ஊகிக்கும் புதிய கருவிகள் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் தோட்டத்துத் தமிழ் எங்கே அச்சேறியிருக்கிறது, அவை படித்துக்கொள்வதற்கு? எழுதப்படாத சொல்லை எந்தக் கருவியும் கற்காது.

கட்டற்ற மென்பொருளில் ஒரு வசதி, சொற்பட்டியலைத் திருத்த யாருடைய கையெழுத்தும் வேண்டாம். தெரிந்தவர் எழுதி அனுப்பலாம். மற்றவர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள். எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் வீட்டில் சொல்லும் சொல், வலப்பக்கம் பாடநூலில் உள்ள சொல். சடக்குக்கு நேரே சாலை, பசாருக்கு நேரே சந்தை. ஒரு பாட்டி ‘பெரட்டு’ என்று சொல்லியனுப்பினார். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என்று பிள்ளைகளுக்கு விளக்கினோம். வலப்பக்கத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் வாதாடினார்கள்; அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. உங்கள் பிள்ளை இன்று மாலை நோட்டும் கையுமாக வந்து, இதற்கு உங்கள் காலத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால், வேலையாக இருக்கிறேன் என்று அனுப்பிவிடாதீர்கள்.