காய்ச்சலை மறைக்காதீங்க, நாங்களும் ஏச மாட்டோம்

(தோட்டத்தின் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்னும் தண்ணி பிடிக்க வேண்டும், அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். அது எங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறோம்.

இன்று பேச வந்த விஷயம், தொற்றுநோய்க் காலத்தில் நமது பிள்ளை மடுவத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பது. இப்போது இதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறோம். ஆனால் நம்ம வாயில் இன்னும் பிள்ளை மடுவம்தான். அப்படியே சொல்வோம்.

"கொரோனாதான் போயிருச்சே ஐயா, இன்னும் என்னா பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி, கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது உண்மை. அவசரம்தான் முடிந்தது, கிருமி முடியவில்லை. 1918இல் ஒரு பெரிய சளிக்காய்ச்சல் உலகத்தைச் சுற்றி வந்தது. பிறகு 1957இல், 1968இல், 2009இல் வந்தது. 2020இல் கொரோனா வந்தது. இன்னொன்று வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அது வராவிட்டாலும் மழைக்காலத்துச் சளியும் வயிற்றோட்டமும் ஒவ்வொரு வருஷமும் கேட்காமலே வருகின்றன.

முதலில் எங்கள் பிழையைச் சொல்கிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். ஊரே வீட்டுக்குள் இருந்தது. ஆனால் தேயிலைக்கு மட்டும் அனுமதி இருந்தது. நீங்கள் மலைக்குப் போனீர்கள், கொழுந்து எடுத்தீர்கள். அப்போது பிள்ளை எங்கே இருப்பது? அதை யாரும் சரியாக யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? மடுவத்துச் சுவர், வாசல், படி எல்லாவற்றுக்கும் குளோரின் தண்ணியை அடித்தோம். வந்து போகிறவர்கள் மேலும் அடித்தோம். குளிர் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னலை மட்டும் இறுக்கி மூடி வைத்தோம். ஆட்களின் மேல் மருந்தடிக்கக்கூடாது, அது கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதி என்று 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகுதான் நிறுத்தினோம். கொரோனா முக்கியமாக மூச்சுக் காற்றில் பரவுகிறது. அப்படியென்றால் நாங்கள் சுவரைக் கழுவிவிட்டு, காற்றை உள்ளே அடைத்து வைத்திருந்தோம்.

அடுத்த பிழை இதைவிடப் பெரியது.

2021இல் ஒருநாள் காலை ஒரு தங்கச்சி இரண்டரை வயதுப் பிள்ளையைக் கொண்டு வந்து விட்டார். வாசலில் ஆயம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சூடு இல்லை. பத்து மணிக்குப் பிள்ளையின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. விசாரித்தால், விடிய முன்னமே பனடோல் பாணி கொடுத்துக் கொண்டு வந்திருக்கிறார். மருந்தில் காய்ச்சல் அமுங்கி இருந்திருக்கிறது. கங்காணியிடம் சொல்லி அனுப்பி அந்தத் தங்கச்சியை மலையிலிருந்து கூப்பிட்டோம். எல்லோரும் ஏசினோம். ஆயம்மா ஏசினார், மற்றத் தாய்மார் ஏசினார்கள், நாங்களும் ஏசினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, நான் வூட்ல நின்னா எனக்குப் பேர் யார் போடுவா?"

அந்த வருஷம் மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. மூன்று நாள் நின்றால் 3000 ரூபாய் போய்விடும். கடையில் கடன், அடகுக் கடையில் தோடு, இரண்டு பிள்ளை பள்ளிக்கூடம். அவர் பொய் சொல்ல ஆசைப்பட்டவர் இல்லை. உண்மையைச் சொல்ல அவருக்கு நாங்கள் வழி வைக்கவில்லை.

அதன் பிறகு மடுவத்தை 14 நாள் மூடினோம். மூடியதும் நோய் நின்றுவிட்டதா? இல்லை. நீங்கள் மலைக்குப் போக வேண்டுமே. பிள்ளைகளை ஒரு பாட்டியிடம் விட்டீர்கள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒன்பது பிள்ளைகள், ஒரு பாட்டி. மடுவத்தில் இருந்த இடத்தில் பாதிகூட இல்லை. அந்தப் பாட்டிக்கும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன நாலாம் நாள் இறந்துபோனார். எந்த வழியாக வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குச் சாதாரணச் சளி போல வந்து போகிற நோய், வயசாளிகளை அடித்துப் போடுகிறது என்பதை நாம் நம்ம தோட்டத்திலேயே பார்த்துவிட்டோம். அந்தப் பாட்டி வளர்த்த பிள்ளைகள் இன்று இந்தக் கூட்டத்தில் தாய்மாராகவும் இருக்கிறார்கள்.

ஆகவே, சவுக்காரம் வைத்தால் போதும், குளோரின் அடித்தால் போதும் என்று நாங்கள் இனிச் சொல்ல மாட்டோம். மடுவத்துக்கு முதல் காவல், வாசலில் சொல்லப்படும் உண்மை. சவுக்காரம் அதற்கு அடுத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். சின்னப் பிள்ளைகளுக்கு நோய் மூன்று வழியில் வருகிறது. மூச்சு வழி, கை வழி, மலம் கலந்த தண்ணி சாப்பாட்டு வழி.

மூச்சு வழிக்கு மருந்து காற்று. எதிரெதிர் ஜன்னல் இரண்டைக் கொஞ்சமாவது திறந்து வைக்க வேண்டும். பனி இறங்குகிற நாளில் பிள்ளைக்கு ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டு விடுங்கள். ஜன்னலை மூடச் சொல்லாதீர்கள். வெயில் வந்தால் விளையாட்டும் பாட்டும் வெளியில் நடக்கட்டும். படுக்க வைக்கும்போது பாய்களைத் தள்ளிப் போட்டு, ஒரு பிள்ளையின் தலைப்பக்கம் அடுத்த பிள்ளையின் கால் வருகிற மாதிரி மாற்றிப் படுக்க வைப்போம். ஐந்து வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகளுக்கு முகக்கவசம் கட்டாயம் வேண்டாம் என்றுதான் 2020இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சொன்னன. அதைப் போட வேண்டியவர்கள், தொற்றுக்காலத்தில் பெரியவர்களாகிய நாம்.

கை வழிக்கு மருந்து சவுக்காரம். கொரோனா கிருமிக்கு வெளியே கொழுப்பில் ஒரு போர்வை இருக்கிறது. எண்ணெய்ச் சட்டியைச் சவுக்காரம் கழுவுகிற மாதிரி அந்தப் போர்வையையும் அது கரைத்துவிடும். போர்வை போனால் கிருமி செத்தது. ஆனால் 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். சும்மா நனைத்துத் துடைத்தால் பயனில்லை. 2022இல் விலை ஏறியபோது ஒரு கட்டி சவுக்காரம் வாங்கவே யோசித்தோம். அப்போது ஆயம்மா ஒருவர் ஒரு வழி செய்தார். தேய்ந்துபோன துண்டுச் சவுக்காரங்களைச் சேர்த்து, ஒரு போத்தல் தண்ணியில் கரைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைத்தார். அந்தச் சவுக்காரத் தண்ணியும் கையை நன்றாகச் சுத்தம் செய்யும். குழாயில் தண்ணி வராத நாளுக்கு, ஐந்து லீற்றர் கேனைக் கட்டித் தொங்கவிட்டு, காலால் மிதித்தால் சரிகிற மாதிரி ஒரு குச்சியும் கயிறும் கட்டியிருக்கிறோம். கையால் தொட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, கழுவு என்று சொல்லவே தேவையில்லை.

இன்னொன்று. ஆயம்மாமார் கோபித்துக்கொள்ளக்கூடாது. ஒரே முந்தானையால் பத்துப் பிள்ளையின் மூக்கைத் துடைப்பது அன்புதான். ஆனால் ஒரு பிள்ளையின் சளி அப்படியே பத்துப் பிள்ளைக்கும் போகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுத் துணி, பெயர் எழுதி, பையில் வைத்து வீட்டிலிருந்து வரட்டும். சாயங்காலம் கழுவிக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். கோப்பை, கரண்டியும் அப்படியே. திரிபோஷ உருண்டை கொடுக்கிற கைக்கும் முதலில் சவுக்காரம் வேண்டும். வாயில் வைத்த விளையாட்டுச் சாமானைத் தனிக் கூடையில் போட்டு, அன்றைக்கே கழுவுவோம்.

மூன்றாவது வழி மலம். துணி மாற்றுகிற இடமும் பால் கரைக்கிற இடமும் கிட்டக் கிட்ட இருக்கக்கூடாது. பிள்ளையின் மலத்தில் ஒன்றுமில்லை என்று சிலர் கானில் கொட்டுகிறார்கள். வயிற்றோட்டக் கிருமிக்குப் பெரியவர், சின்னவர் என்று இல்லை. கக்கூசில்தான் கொட்ட வேண்டும். பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும்.

குளோரினைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் சவுக்காரத் தண்ணியால் அழுக்கைக் கழுவிவிட்டுப் பிறகுதான் குளோரின். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. போத்தலில் 5 வீதம் என்று எழுதியிருந்தால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணி. வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு மட்டும் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணி. ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுத் துடைக்க வேண்டும். அன்றன்றைக்குக் கரைப்பதை அன்றன்றைக்கே பாவிக்க வேண்டும். கக்கூசு கழுவுகிற அசிட்டோடு கலந்தால் விஷப்புகை வரும். புல்லுக்கு மருந்தடிக்கிற பம்பை மடுவத்துப் படிக்கட்டுக்கே கொண்டு வரக்கூடாது. அதை எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

பால் குடிக்கிற பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மலையிலிருந்து பால் கொடுக்க ஓடி வருகிறீர்கள். நேரம் குறைவுதான். ஆனாலும் கறையும் மருந்தும் பட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். உங்களுக்குச் சளி இருமல் என்றால் முகக்கவசம் கட்டிக்கொண்டு கொடுங்கள். கொரோனா இருந்தால்கூடத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருகிறோம். காய்ச்சல் பிள்ளையை யார் பார்ப்பது?

காய்ச்சல் உள்ள பிள்ளை, மருந்து கொடுக்காமலே காய்ச்சல் விட்டு ஒரு முழுநாள் போகும்வரை மடுவத்துக்கு வரக்கூடாது. வயிற்றோட்டம், வாந்தி என்றால் நின்று இரண்டு நாள் போக வேண்டும். "அம்மா போட்டிருக்கு" என்கிறீர்களே, அந்தக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு வரும்வரை வரக்கூடாது. சட்டம் போடுவது சுலபம். வீட்டில் யார் நிற்பது?

இதற்கு மூன்று ஏற்பாடு யோசித்திருக்கிறோம். முதலாவது, லயத்துக்கு லயம் ஒரு பட்டியல். அந்த வாரம் வேலைக்குப் போகாத, உடம்புக்கு முடிந்த ஒரு பெரியவர், ஒரே ஒரு சுகமில்லாத பிள்ளையை மட்டும் பார்த்துக்கொள்வது. ஒன்பது பிள்ளை இல்லை, ஒன்று. சீனி, நெஞ்சு வருத்தம் உள்ள வயசாளிகளை இதில் இழுக்கக்கூடாது. இரண்டாவது, தகப்பன்மாரே, இது உங்களுக்கு. ஆம்பிளை வேலை பெரும்பாலும் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கு முடிந்துவிடுகிறது. பொம்பிளைகள் நாலரை மணி மட்டும் கொழுந்து எடுக்கிறார்கள். மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளையைப் பொறுப்பெடுப்பது உங்கள் கடமை. மூன்றாவது, பிள்ளைக்குச் சுகமில்லாத தாய்க்கு அன்றைக்குக் கிட்ட மலையில் வேலை கொடுக்கும்படியும், அரைநாள் நின்றால் அரைப்பேராவது போடும்படியும் நிர்வாகத்தைக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். விடாமல் கேட்போம். தலைவர்மாரும் எங்களோடு சேர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை வாசலில் ஒரு கொப்பி வைக்கிறோம். இராத்திரி காய்ச்சலா, மருந்து கொடுத்தீர்களா, எத்தனை மணிக்கு என்று ஆயம்மா எழுதுவார். உண்மையைச் சொன்ன தாயை யாரும் ஏசக்கூடாது, அந்த வீட்டைத் தள்ளி வைக்கக்கூடாது. ஆயம்மாமாருக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம், எங்களுக்கும் சேர்த்துத்தான். பகலில் சுகமில்லாமல் போகிற பிள்ளைக்கு ஜன்னலோரம் ஒரு தனி மூலை ஒதுக்கியிருக்கிறோம். நீங்கள் வரும்வரை ஓர் ஆயம்மா பக்கத்தில் இருப்பார். பிள்ளை தனியாகக் கிடக்காது.

பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போனால், பால் தண்ணி குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தால் லொறியைத் தேடி நேரம் கடத்தாதீர்கள். 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி ஒரு பக்கட்டை ஒரு லீற்றர் ஆறின தண்ணியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

2021இல் நாங்கள் ஏசிய அந்தத் தங்கச்சியும் இங்கே இருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அன்றைக்கு அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இன்று எல்லோர் முன்னாலும் கேட்கிறோம். நாளைக்குக் காலையில் வாசலில் கொப்பி இருக்கும். உள்ளதைச் சொல்லுங்கள். மற்றதைச் சேர்ந்து பார்ப்போம்.