குறைத்துச் சொல்லலும் நிறைவாகக் கேட்டலும்



தைப்பூசத் தேர் டத்தோ கிராமாட் சாலை வழியே செல்லும் நாளில், உடைந்த தேங்காய்கள் சாலையை மூடிக் கிடப்பதை நாம் அறிவோம். அதனைத் ‘தேங்காய்க் கடல்’ என்பது உயர்வு நவிற்சி. ‘நாலு தேங்காய் உடைத்தார்கள்’ என முறுவலோடு சொல்வது அதன் மறுதலை. ஆங்கிலத்தார் இதனை ‘அண்டர்ஸ்டேட்மெண்ட்’ என்பர். நாம் குறைநவிற்சி என்போம். எதிர்மறையை மறுத்து உடன்பாட்டை உணர்த்தும் ‘லைடோடீஸ்’ அதன் ஒரு வகை.

1982 ஜூன் 24 அன்று, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஜாவாவுக்கு அருகே எரிமலைச் சாம்பலுள் புகுந்தது; நான்கு இயந்திரங்களும் நின்றன. விமானி எரிக் மூடி, சிறியதொரு சிக்கல் நேர்ந்துள்ளதாகவே பயணிகளுக்கு அறிவித்தார். பின்னர் இயந்திரங்கள் உயிர்பெற, விமானம் ஜக்கார்த்தாவில் நலமே தரையிறங்கியது. உண்மையை அவர் மறைக்கவில்லை. நான்கும் நின்றதை அதே அறிவிப்பில் கூறினார். அளவைக் குறைத்த சொல் அச்சத்தின் அளவையும் குறைத்தது.

தமிழுக்கு இது புதிதா? தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளுள் அதிசயம் உண்டு. தன்னைத் தானே புகழும் தன்மேம்பாட்டுரையும் உண்டு. குறைநவிற்சிக்குத் தனிப்பெயர் இல்லை. ஆயினும் வழக்கில் அது இல்லாமல் இல்லை, இவ்வாக்கியமே சான்று. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்பது நம் இலக்கண மாணவர் அறிந்ததே. இலை நிறையப் பரிமாறிவிட்டு, ‘ஏதோ எங்களால் முடிந்தது’ என்கிறாள் இல்லத்தலைவி. அச்சொல்லை எவரும் அப்படியே கொள்வதில்லை.

அப்படியே கொள்வோரிடம் சொன்னால் என்னாகும்? 1951 ஏப்ரலில், கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படை சூழப்பட்டது. நிலைமை சற்று இக்கட்டு என்ற பொருளில் பிரிகேடியர் பிராடி அமெரிக்க மேலதிகாரிக்குத் தெரிவித்தார். பிரிட்டிஷார் செவிக்கு அது பேராபத்து. அமெரிக்கர் செவிக்கோ சமாளிக்கத்தக்க தொல்லை என்பர். குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அத்தோல்விக்குக் காரணம் பல. இவ்வொரு சொல்லும் அவற்றோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது.

எம் வீட்டிலும் இப்பிழை நேர்ந்தது. ஓர் இரவு எம் தாயார் நெஞ்சில் கை வைத்து, ‘கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்குப்பா’ என்றார். மருத்துவரிடம் அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தோம். ‘கொஞ்சம்’ கொஞ்சமாகவே பதிவாயிற்று. வரிசையில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். தாயார் சோர்ந்து சாய்ந்த பின்னரே அது மாரடைப்பு எனத் தெரிந்தது. அவர் பிழைத்தார். வாழ்நாளெல்லாம் முறையிடாத ஒருவர் ‘கொஞ்சம்’ என்றால் அதன் எடை எவ்வளவு என்பதை, மொழியியல் கற்ற நாமே மறந்திருந்தோம். பிழை மருத்துவருடையதன்று, மொழிபெயர்த்தவருடையது.

ஆதலின் ஆசிரியர்களே, குறைநவிற்சியை வரையறை எழுதி முடிக்கும் பாடமாக நடத்தற்க. யார் சொன்னார், யாரிடம், எந்நிலையில் என்னும் மூன்று வினாக்களையும் உடன் கற்பியுங்கள். மாணவர்களே, இன்று வீடு திரும்பியதும் பாட்டியிடம் நலம் கேளுங்கள். ‘பரவாயில்லை’ என்பார். அங்கே நிறுத்திவிடாதீர்கள், இன்னுமொரு முறை கேளுங்கள்.