சான்றிதழும் தொடர்பதிவேடும்

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்த நமக்குப் பெருஞ்செல்வம் நம் பிள்ளைகளின் கல்விச் சான்றிதழே. அது மெய்யானதா என்று புதிய ஊரார் பழைய ஊருக்கு எழுதிக் கேட்டு, மறுமொழி வரும்வரை நாம் காத்திருக்கிறோம்.

அக்காத்திருப்பைக் குறைக்க வல்லது 'பிளாக்செயின்' எனும் தொடர்பதிவேடு. சான்றிதழிலிருந்து, கைரேகை போன்றதோர் அடையாளக் குறியைக் கணினி கணக்கிட்டு எடுக்கும். அக்குறி பல கணினிகளில் ஒருங்கே பதிவாகும். ஒவ்வொரு பதிவும் முன்னதனோடு பிணைந்து நிற்கும். பின்னர் எவரேனும் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் குறி மாறும், கள்ளம் வெளிப்படும். 2017-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 111 பட்டதாரிகளுக்கு இம்முறையில் மின்சான்றிதழ் அளித்தது. நம் நாட்டின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் 2021-இல் இம்முறையைக் கைக்கொண்டது.

ஆயினும், எழுதியதைக் காப்பதன்றி, எழுதியது மெய்யா என்பதைப் பதிவேடு அறியாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது நம் வழக்கம். அதை அறியாதார் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் எதையேனும் நிரப்பினால், அப்பிழையும் அழியாது நிலைக்கும். பின்னர் திருத்தம் சேர்க்கலாம். பழைய பதிவை அழித்தல் அரிது. ஆகவே பள்ளிப் படிவத்தில் கையெழுத்திடுமுன், பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமை. சங்கிலியின் உறுதி அதன் முதற்கண்ணியில் தொடங்குகிறது; அக்கண்ணி நம் கையில் உள்ளது.